தானா வாற காஸ்

“அவசரமில்லை. ஆறுதலாச் செய்யுங்கோ” என்று கராஜுக்குள் தலையை மட்டும் நீட்டிச் சொல்லிவிட்டு, லைற்றை அணைத்து, கதவைச் சாத்திக்கொண்டு வந்து காரில் ஏறுகிறார் ஸ்ரீஸ்கந்தராசா அண்ணை. நேரம் காலை ஐந்தே முக்கால். கராஜுக்குள் ஆட்கள் யாரும் இல்லை. சுவரோரமாக இரண்டு எவர்சில்வர் பீப்பாக்கள் போர்வை போர்த்திக்கொண்டு நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் பத்தொன்பது லீற்றர், அவர் கையால் காய்ச்சிய கறுப்புப் பியர். அவர் பேசியது அதற்குள் இருந்து பியரைப் புளிக்க வைக்கும் ஈஸ்ற்றோடு. ‘தம்பிமார்’ என்றுதான் அதற்குப் பெயர். “தம்பிமார் வேலைக்கு இறங்கீட்டினம். இனி நாங்கள் போய்க் கரைச்சல் குடுக்கக் கூடாது” என்று சீற் பெல்ற்றை இழுத்து மாட்டிக்கொண்டே எனக்கு விளக்கம் சொன்னார்.

நான் அவருக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவன். ஸ்காபரோவிலிருந்து பிறம்ரனில் பக்கத்துப் பக்கத்துக் கொம்பனிகளுக்கு ஒரே நேரத்தில் வேலைக்குப் போகிற இரண்டு பேர் இரண்டு காரில் போவது விசர்வேலை என்று ஆறு வருடங்களுக்கு முன்னர் அவராகவே வந்து கதவைத் தட்டிச் சொன்னார். அன்றிலிருந்து நான் அவருடைய காரில் போகிறேன். 401 நெடுஞ்சாலையில் எவ்வளவு நெரிசல் என்றாலும் மனிதர் லேன் மாற மாட்டார். பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடித்தால் கண்ணாடியில் அவனைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டுவார். “போறவை போகட்டும் தம்பி. நாங்களும் அங்கதானே போறம்.” வேலைக்குப் பிந்திய நாட்களில் இந்த வசனத்தைக் கேட்டுப் பலமுறை பல்லைக் கடித்திருக்கிறேன்.

வயது ஐம்பத்தொன்பது. வலது தோள் இடது தோளைவிட ஒரு விரற்கடை இறங்கியிருக்கும். சட்டைப் பையில் பேனையும் மூக்குக் கண்ணாடியும் இருக்கும். காற்சட்டைப் பையில் சவர்க்காரத் தண்ணீர் நிரப்பிய ஒரு சின்னப் போத்தல் இருக்கும். கலியாண வீட்டு வாசலில் பன்னீர் தெளிக்கிற மாதிரி அதைப் போகிற இடமெல்லாம் தெளிப்பார். காஸ் எங்கேயாவது கசிந்தால் அந்த இடத்தில் குமிழி வரும் என்பது தொழிலில் படித்த பாடம். தொழிலோடு விட்டாரா என்றால் இல்லை. என்னுடைய கார் ரயருக்கும் தெளித்திருக்கிறார். ஒருமுறை அடுப்பில் விசிலடித்துக்கொண்டிருந்த பிறஷர் குக்கருக்கும் தெளித்து, மனைவி பேபி அக்காவிடம் ஒரு கிழமைக்குப் போதுமான பேச்சு வாங்கினார்.

அந்தத் தொழில்தான் இந்தக் கதையின் வேடிக்கை. உணவகங்களுக்கும் பியர்க் கடைகளுக்கும் காபனீரொக்சைட்டு சிலிண்டர் கொண்டுபோய்ப் பூட்டிக் கொடுப்பது அவருடைய வேலை. கோக்கில் பொங்குகிற காஸ், குழாயில் வருகிற பியரின் நுரை எல்லாம் அந்தச் சிலிண்டரின் தயவு. ரொறொன்ரோ விடுகிற ஏப்பத்தில் ஒரு பங்குக்கு இவர் பொறுப்பு என்று நான் சொன்னால் வெட்கப்பட்டுச் சிரிப்பார். இருபத்திரண்டு வருடங்களாக நாளுக்கு முப்பது சிலிண்டர் ஏற்றி இறக்குகிற மனிதர், தன்னுடைய வீட்டுப் பியருக்கு மட்டும் ஒரு சிலிண்டரைக் கிட்டவும் கொண்டுவர மாட்டார்.

பியர் காய்ச்சாதவர்களுக்காகச் சொல்கிறேன். புளித்து முடிந்த பியரில் பொங்குவதற்குக் காஸ் இருக்காது. ஆறிப்போன கோப்பி மாதிரித்தான் கிடக்கும். அதற்குக் காஸ் ஏற்ற இரண்டு வழி. சிலிண்டரைப் பூட்டி, அழுத்தத்தைக் கூட்டி, பீப்பாவைக் குளிராக வைத்து உருட்டினால் அரை மணித்தியாலத்தில் காரியம் முடிந்துவிடும். மற்றது, பீப்பாவுக்குள் கொஞ்சம் இனிப்புப் போட்டு, மூடியின் ரப்பர் வளையத்துக்குப் பசை தடவி இறுக்கிப் பூட்டிவிட்டு, இளஞ்சூட்டில் சும்மா வைத்திருப்பது. மிச்சமிருக்கும் ஈஸ்ற் அந்த இனிப்பைத் தின்று காஸை விடும். வெளியே போக வழியில்லாத காஸ் பியருக்குள்ளேயே கரைந்து தங்கும். இதற்கு மூன்று கிழமை வேண்டும். அண்ணை மூன்று கிழமைக்காரர். இனிப்புக்கு அவர் போடுவது தமிழ்க் கடையில் வாங்கிய பனங்கட்டி. கறுப்புப் பியருக்கு அது நன்றாகச் சேரும் என்பார். பேபி அக்கா குடிக்க மாட்டார். ஆனால் ஒவ்வொரு பீப்பா திறக்கும்போதும் ஒரு கரண்டி நுரையை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்து, கசப்பில் முகம் சுளித்து, “கைக்குது” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவார்.

“இரண்டும் ஒரே காஸ்தானே அண்ணை? குடிக்கிறவனுக்கு என்ன தெரியப் போகுது?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஒண்டும் தெரியாது.”

“பிறகேன் இந்தப் பாடு?”

கார் கீல் வீதியைத் தாண்டியது. பிறகு சொன்னார்: “தம்பி, இந்த நாட்டுக்கு வந்த நாள் தொட்டு எல்லாத்தையும் நான் ஏத்தி ஏத்தித்தான் செய்தனான். ஓவர்ரைம், ரெண்டாவது வேலை, இங்கிலீஷ் வகுப்பு, வீடு. ஒண்டும் தானா வரேல்லை. நாள் முழுக்க ஆர் ஆருக்கோ ஏத்திக் குடுத்திட்டு வாறன். வீட்டில ஒண்டெண்டாலும் தானா வரட்டுமே.” அதற்குப் பிறகு நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

ஆனால் கேட்கிற ஒருவர் இருந்தார். அது ஜூலியஸ். அண்ணை சிலிண்டர் ஏற்றுகிற லொறியில் இருபத்திரண்டு வருடங்களாகப் பக்கத்துச் சீற்றில் இருக்கிறவர். மெலிந்த சின்ன உருவம், அந்த உருவத்துக்குப் பொருந்தாத பெரிய குரல். “காஸுக்கு என்ன தாய் தேப்பன் பேர் எழுதிக் கிடக்கே? ஏத்தினது எண்டும் வந்தது எண்டும் நாக்குக்குத் தெரியுமே?” என்று பகிடி பண்ணாத நாள் இல்லை. அண்ணையின் பியருக்கு அவர் வைத்த பெயர் ‘தவம்’. “முதல்ல சிலிண்டரைப் பூட்டு. பிறகு கூப்பிடு, வந்து குடிக்கிறன். உன்ர தவத்தை நீயே குடி.” விளையாட்டாகத் தொடங்கியது நாளாக நாளாக இரண்டு பக்கமும் வீம்பாகிவிட்டது. அண்ணையின் பியரைத் தெருவில் பாதிப் பேர் குடித்திருக்கிறோம். நாள் முழுக்கக் கூட இருக்கிற ஜூலியஸ் மட்டும் ஒரு வாய் குடித்ததில்லை. அண்ணையும் “ஒருக்கா வா” என்று சொன்னதில்லை. அது அவருக்கு உள்ளூர வலித்தது என்று எனக்குத் தெரியும். காரில் ஜூலியஸின் பேச்சு வந்தால் ரேடியோவைக் கூட்டிவிடுவார்.

ஒக்ரோபரில் ஜூலியஸ் ஒரு செய்தி சொன்னார். நவம்பர் நடுவில் ஓய்வு எடுக்கிறார். மனைவி றீற்றாவோடு எட்மன்ரனில் இருக்கும் மகளிடம் போய்விடப் போகிறார். கடைசி வேலை வெள்ளிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை விமானம். “நடுவில ஒரு சனிக்கிழமை கிடக்கு. உன்ர வீட்டை வாறன், ஸ்ரீ. உந்தத் தவத்தை ஒருக்காக் குடிச்சுப் பாப்பம்” என்றாராம். அன்று பின்னேரம் அண்ணை 401 இல் லேன் மாறினார். இரண்டு தரம் மாறினார். அவ்வளவு அவசரமாக வீட்டுக்குப் போய் நாட்காட்டியைப் பார்த்து, பின்னுக்கிருந்து மூன்று கிழமை எண்ணி, காய்ச்சி வைத்திருந்த பியரை இரண்டு பீப்பாவிலும் நிரப்பி, பனங்கட்டிப் பாணியை ஊற்றி மூடினார்.

அடுத்த நாள் கந்தசட்டி தொடங்கியது. வழக்கமாகப் பீப்பாக்கள் நிற்பது பேஸ்மென்றில், சூடேற்றும் பேர்னஸுக்குப் பக்கத்தில். அந்த இடத்துக்கு நேர் மேலே சாமியறை. ஆறு நாளும் பேபி அக்கா பாலும் பழமுமாக விரதம் இருப்பார். பியரோடு அவருக்குப் பகை ஒன்றும் கிடையாது. ஆனால் சட்டி சட்டிதான்.

“இஞ்சேருங்கோ, உதுகள் ரெண்டும் வீட்டுக்குள்ள இருக்கேலாது. ஆறு நாளைக்கு வெளியில வையுங்கோ.”

“வெளியில குளிரப்பா. தம்பிமார் படுத்திடுவினம்.”

“முருகனுக்குக் கீழ சாராயக் கொட்டிலோ? கொண்டு போங்கோ.”

அண்ணை வாதாடவில்லை. இரண்டு பீப்பாவையும் கராஜுக்குத் தூக்கிக்கொண்டு போனார். கடைக்குப் போய் ஒரு மின்சாரப் போர்வை வாங்கி வந்து, இரண்டையும் சேர்த்துச் சுற்றி, சுவரில் இருந்த பிளக்கில் செருகினார். தொட்டுப் பார்த்தார், சூடு வந்தது. ஆறு நாள் முடிந்த பிறகும் திருப்பி உள்ளே கொண்டுவரவில்லை. தூக்கினால் அடியில் படிகிற மண்டி கலங்கிவிடும் என்பதும், இருபத்தொரு நாள் முடியும்வரை கை வைக்கக் கூடாது என்பதும் அவருடைய சட்டம். அதனால்தான் தினமும் தலையை மட்டும் நீட்டி நல்வார்த்தை சொல்லிவிட்டுப் போனது.

இருபத்தோராம் நாள் வியாழக்கிழமை. வேலை முடிந்து வந்த கையோடு, “வாரும் தம்பி, மூடியை ஒருக்காத் தட்டிப் பாப்பம்” என்று என்னையும் கராஜுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பீப்பாவின் மூடியில் ஒரு சின்ன வளையம் இருக்கிறது. அதை இழுத்தால் உள்ளே இருக்கும் காஸ் ‘ஸ்ஸ்ஸ்’ என்று சீறும். அந்தச் சீறலைக் கேட்கும்போது அவர் கண்ணை மூடுவார். அன்றும் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். ஒரு சத்தமும் இல்லை. கண்ணைத் திறந்து மறுபடி இழுத்தார். மற்றப் பீப்பாவிலும் இழுத்தார். சவர்க்காரத் தண்ணீரை எடுத்து மூடியைச் சுற்றித் தெளித்தார், கசிவும் இல்லை. மூடியைக் கழற்றி ஒரு குவளை மொண்டு வாயில் வைத்தார். இனித்தது. போட்ட பனங்கட்டி போட்டபடியே கிடந்தது. தம்பிமார் மூன்று கிழமையாக ஒரு வேலையும் செய்யவில்லை.

போர்வையைத் தொட்டுப் பார்த்தார். சூடாகத்தான் இருந்தது. “சூடு வருது. பிறகென்ன?” என்றார். பீப்பாவைத் தொட்டார், ஐஸாகக் குளிர்ந்தது. இரண்டு பேரும் ஒன்றும் விளங்காமல் நின்றோம். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து யோசிப்போம் என்று வெளியேறும்போது, வழக்கப்படி லைற்றை அணைத்தார். நான் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தேன். போர்வையின் வயரில் இருந்த சின்னச் சிவப்பு விளக்கும் சேர்ந்து அணைந்தது.

“அண்ணை, லைற்றைப் போடுங்கோ.”

போட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது.

“அணையுங்கோ.”

அணைத்தார். அதுவும் அணைந்தது. முன்பு வீட்டில் இருந்த யாரோ ஒரு புண்ணியவான் அந்தப் பிளக்கை லைற் சுவிச்சோடு சேர்த்து வயர் இழுத்திருக்கிறான். ஆளில்லாத அறையில் லைற் எரியக் கூடாது என்பது அண்ணையின் வீட்டில் வேதவாக்கு. மகள் துர்க்கா அதை எழுதிக் குளியலறைக் கதவில் ஒட்டிக்கூட வைத்திருக்கிறாள். அந்தச் சட்டத்தை எல்லோரிலும் ஒழுங்காகக் கடைப்பிடித்தவர் அவரே. ஒவ்வொரு காலையும் ‘ஆறுதலாச் செய்யுங்கோ’ என்று சொல்லி, சொன்ன கையாலேயே அவர்களுடைய சூட்டை அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் நாலைந்து தரம் சுவிச்சைப் போட்டுப் போட்டு அணைத்துப் பார்த்தார். “நான்தான்” என்றார். “ஒவ்வொரு நாளும் நான்தான்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. சத்தம் கேட்டு வந்த பேபி அக்கா விசயத்தை அறிந்து அங்கே கிடந்த அரிசி மூட்டையில் குந்திக்கொண்டு சிரித்தார். பிறகு அண்ணையின் முகத்தைப் பார்த்தோம், எங்கள் சிரிப்பு நின்றுவிட்டது. சனிக்கிழமைக்கு இடையில் ஒரே ஒரு நாள். இருபத்திரண்டு வருடம் கழித்து ஜூலியஸ் கேட்டது வெறும் இனிப்புத் தண்ணியாகக் கிடக்கிறது.

பின்னேரம் வேலையால் வந்த துர்க்காவுக்கு இது ஒரு பிரச்சினையாகவே படவில்லை. “அப்பா, ஜஸ்ற் ஃபோர்ஸ் இற். சிலிண்டர்தானே உங்கட ஜொப்? ஜூலியஸ் அங்கிளுக்கு ஹவ் வுட் ஹீ நோ?”

“அவனுக்குத் தெரியாது, பிள்ளை” என்றார் அண்ணை. “அதுதான் கரைச்சல்.”

நானும் அவள் பக்கம்தான் பேசினேன். உள்ளதைச் சொன்னால் எனக்கு அந்தச் சனிக்கிழமைப் பியரில் ஒரு கண் இருந்தது. அவர் போர்வையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை லொறியில் அவர்களுக்குக் கடைசி நாள். அன்று ஜூலியஸ் வழக்கமான பகிடி ஒன்றும் விடவில்லையாம். “நாளைக்குப் பாப்பம்” என்று மட்டும் மூன்று தரம் சொன்னாராம்.  வேலை முடிந்து அண்ணை கொம்பனியின் முன் மேசைக்குப் போய், வீட்டுக்கு ஒரு சின்னச் சிலிண்டர் வேண்டும் என்று கேட்டார். அங்கே இருக்கிற நதீஷா, அவருடைய பெயரை எழுதப் போனவள் பேனையை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். “அங்கிள், உங்களுக்கா?” அந்த மேசையில் அவருடைய பழக்கம் தெரியாதவர்கள் இல்லை. “ஓம், எனக்குத்தான். எழுதுங்கோ” என்றார் அண்ணை. சிலிண்டரைக் காரின் பின்னால் வைத்துக் கட்டும்போது நான் உதவிக்குக் கை நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினார். காரில் ஏறியதும் ரேடியோவைக் கூட்டிவிட்டார்.

சனிக்கிழமை காலை பேஸ்மென்றில் அவர் வேலை செய்ததைப் பார்த்தேன். கெட்டிக்காரன் தனக்குப் பிடிக்காத வேலையைச் செய்தாலும் கெட்டித்தனமாகத்தான் செய்கிறான். கராஜிலிருந்து ஒரு பீப்பாவை மட்டும் கொண்டுவந்து சிலிண்டரைப் பூட்டினார், அழுத்தம் காட்டுகிற முள்ளை முப்பதில் நிறுத்தினார், தாழ்ந்த கதிரையில் இருந்துகொண்டு பீப்பாவை இரண்டு காலுக்கும் மேலே படுக்க வைத்து முன்னும் பின்னுமாக உருட்டினார். காஸ் குளிர்ந்த பியருக்குள்தான் கெதியாகக் கரையும். மூன்று கிழமை குளிரில் கிடந்தது தானாக வருகிற காஸைக் கெடுத்தது, ஏற்றுகிற காஸுக்கு அதைவிட வசதி வேறில்லை. இதை நான் சொன்னபோது, “தெரியும் தம்பி, அதைச் சொல்லாதையும்” என்றார். இருபத்தைந்து நிமிடத்தில் பீப்பா காஸைக் களகளவென்று குடிப்பது நின்றது. ஒரு குவளை பிடித்தார். கறுப்பில் மண்ணிற நுரை ஒரு விரல் உயரத்துக்கு நின்றது. அருமையாக இருந்தது. அவர் ஒரு வாய் குடித்துவிட்டு மிச்சத்தை என்னிடம் தந்தார். துர்க்கா வந்து சிலிண்டருக்கு மேல் ஒரு பழைய பெட்சீற்றைப் போட்டு மூடி, பக்கத்தில் ஒரு பூச்சாடியையும் வைத்துவிட்டுப் போனாள். அண்ணை அதைப் பார்த்தார், எடுக்கவில்லை.

ஜூலியஸும் றீற்றா அக்காவும் பின்னேரம் மூன்று மணிக்கு வந்தார்கள். ஜூலியஸ் கழுத்துப் பட்டி கட்டியிருந்தார். அவரை அந்தக் கோலத்தில் நான் கண்டதில்லை. பேஸ்மென்றுக்கு இறங்கும்போது தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். பேபி அக்கா பற்றிஸும் கணவாய்ப் பொரியலும் கொண்டுவந்து வைத்தார். அண்ணை குவளையைச் சரித்துப் பிடித்து, குழாயைத் திறந்து, நுரை வழியாமல் நிரப்பினார். நீட்டினார். ஜூலியஸ் பிடித்தார். அண்ணை குவளையை விடவில்லை. இரண்டு பேரின் கையும் அதில் இருந்தது.

“குடிக்காதை ஜூலியஸ். இரு.”

“ஏன்ரா? இன்னும் தவம் முடியேல்லையே?”

“இது தானா வந்த காஸ் இல்லை. காலமை நான் ஏத்தினது.” மற்றக் கையால் பெட்சீற்றை இழுத்தார். பூச்சாடி விழுந்து உருண்டது. சிலிண்டர் வெளியே தெரிந்தது. சட்டி, கராஜ், போர்வை, சுவிச் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். “நீ நாளைக்குப் போறாய். உனக்கு வெறும் தண்ணியைத் தர எனக்கு மனம் வரேல்லை. அதால ஏத்தினனான். ஆனா ஏமாத்திக் குடுக்கவும் மனம் வரேல்லை.”

நான் ஜூலியஸின் சிரிப்புக்குக் காத்திருந்தேன். இருபத்திரண்டு வருட வழக்கில் அவர் வென்றுவிட்டார். இனி அந்தக் குரல் கூரையைத் தூக்கும் என்று நினைத்தேன். அவர் குனிந்து சிலிண்டரின் கழுத்தில் பொறித்திருந்த இலக்கத்தைப் பார்த்தார். “எங்கட சிலிண்டர்” என்றார். குவளையை வாங்கி, நிறுத்தாமல் முழுவதையும் குடித்து, மீசையைப் புறங்கையால் துடைத்தார்.

“நல்ல பியர், ஸ்ரீ.”

“மெய்யாவோ?”

“மெய்யா. ஆனா நான் கேட்டு வந்தது இதில்லை. ஏத்தின காஸை நான் வாழ்நாள் முழுக்கக் குடிச்சிட்டன். நீ காத்திருந்து செய்யிறதை ஒருக்காக் குடிக்கத்தான் வந்தனான்.” வெறும் குவளையை அவரிடமே நீட்டினார். “நீ எனக்காக ஏத்தினாய். அதுக்காகத்தான் இதைக் குடிச்சது. இன்னும் ஒண்டு ஊத்து.”

அண்ணைக்குக் கண் கலங்கிவிட்டது. குழாய்ப் பக்கம் திரும்பி நின்று ஊற்றினார். அந்தக் குவளையில் நுரை வழிந்து கையெல்லாம் ஓடியது.

பிறகு எல்லாம் கலகலப்புத்தான். ஜூலியஸுக்குப் பழைய குரல் திரும்பிவிட்டது. சுவிச் கதையைத் துர்க்காவிடம் இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். றீற்றா அக்காவே அரைக் குவளை குடித்தார். பேபி அக்கா கரண்டி நுரையை நக்கிப் பார்த்து, “இதுவும் கைக்குதுதான்” என்றார். இரண்டு காஸுக்கும் வித்தியாசம் இல்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி இல்லை என்று ஜூலியஸ் தொடையில் தட்டிச் சிரித்தார்.

போவதற்கு எழும்பும்போதுதான் கேட்டார்: “அப்ப மற்றப் பீப்பா?”

“கராஜில கிடக்கு. அதுக்கு நான் ஏத்தேல்லை.”

“உன்ர தம்பிமார் செத்துப் போச்சினமோ?”

“இல்லையடா. குளிருக்கு நித்திரை. சூடு காட்டினா எழும்புவினம்.”

“எழும்பி எவ்வளவு நாள் செல்லும்?”

“மூண்டு கிழமை. கறுப்புப் பியர்தானே, பிறகு ஒரு வருசம் கிடந்தாலும் பழுதில்லை.”

“ஜூலையில றீற்றாவின்ர பெறாமகளுக்கு இஞ்ச கலியாணம். வருவன். அதுவரைக்கும் அந்தப் பீப்பாவை ஒருத்தருக்கும் திறக்கப்படாது. இந்தத் தம்பிக்கும்தான்” என்று என்னைக் காட்டினார். நான் முறையிட்டேன், யாரிடமும் எடுபடவில்லை.

எல்லோரும் படியேறிக் கோட்டும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனோம். வெளியே மெல்லிய பனி தூவத் தொடங்கியிருந்தது. அண்ணை எங்களோடு தன்னுடைய தடித்த குளிர் ஜாக்கெற்றைப் போட்டுக்கொண்டு வந்தவர், வாசலில் நிற்காமல் கராஜுக்குள் போய்விட்டார். ஜூலியஸ் காரை ஸ்ராட் பண்ணி, கண்ணாடிப் பனியைத் துடைத்து, றீற்றா அக்காவுக்குக் கதவு திறந்துவிட்டு, ஏறியும் விட்டார். நேரம் போகிறதே என்று நான் அண்ணையைக் கூப்பிடுவதற்குள் அவரே வந்தார். உடம்பில் வெறும் சேட்டு மட்டும்தான். கையைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு கார்க் கண்ணாடியருகில் குனிந்தார்.

ஜூலியஸ் கண்ணாடியை இறக்கினார். “விசரா, இந்தக் குளிருக்க உன்ர ஜாக்கெற் எங்கை?”

 அண்ணை நடுங்கிக்கொண்டே திரும்பிக் கராஜைக் கை காட்டினார். அங்கே கதவு முழுக்கத் திறந்திருந்தது, லைற்றும் போர்வை வயரின் சின்னச் சிவப்பு விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. சுவரோரமாக அந்த மற்றப் பீப்பா, சுற்றிய போர்வைக்கு மேல் அவருடைய ஜாக்கெற்றைப் போட்டு, ஸிப் கழுத்துவரை பூட்டி, இரண்டு கையையும் முன்னால் முடிந்தபடி நின்றது.